துபாய்ல ரெண்டு புள்ளைங்களுக்கு ஸ்கூல் தேடுன கேஸ்: என்ன நெனச்சோம், என்ன செஞ்சோம், எங்க சறுக்குனோம்

முதல்ல கேஸ் என்னன்னு சொல்லிடுறேன். 2022 டிசம்பர்ல எனக்கு துபாய் ஜெபல் அலியில ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில ஆஃபர் வந்துச்சு, 2023 பிப்ரவரியில நான் மட்டும் போய் சேந்தேன். வீட்டுக்காரியும் ரெண்டு புள்ளைங்களும் மேடவாக்கத்துல. பெரியவ அப்ப ஏழாவது, மெட்ரிக் ஸ்கூல், ஸ்டேட் போர்டு, தமிழும் இங்கிலீஷும் தவிர வேற மொழி தெரியாது. சின்னவன் ஒண்ணாவது, 2016 நவம்பர்ல பொறந்தவன். இந்த நவம்பர் பின்னாடி வில்லனா வரும், ஞாபகம் வச்சுக்கோங்க. கம்பெனி தர்ற எஜுகேஷன் அலவன்ஸ் ஒரு புள்ளைக்கு வருஷம் 20,000 திர்ஹாம், அதுவும் டியூஷன் ஃபீஸுக்கு மட்டும், ரசீது காட்டுனாதான் வரும். அப்ப ஒரு திர்ஹாம் 22 ரூபா சில்லறை. ஒரு புள்ளைக்கு நாலரை லட்சமான்னு வாயப் பொளந்துக்கிட்டு கையெழுத்துப் போட்டவன் நான், துபாய்ல அந்தக் காசுக்கு என்ன ஸ்கூல் கெடைக்கும்னு ஒரு நிமிஷம் தேடிப் பாத்திருந்தா வாய மூடியிருப்பேன்.

முதல் சறுக்கல் ஸ்கூல்லயே இல்ல, வீட்டுல. ஆபீஸ் பக்கம்னு டிஸ்கவரி கார்டன்ஸ்ல ஒரு பெட்ரூம் ஃபிளாட் மார்ச்லயே எடுத்துட்டேன், வருஷம் 58,000, நாலு செக். ஆபீஸுக்குப் பதினஞ்சு நிமிஷம், கீழயே சூப்பர் மார்க்கெட், போட்டோ எடுத்து அனுப்புனேன், வீட்டுல எல்லாருக்கும் குஷி. ஸ்கூல் தானா அமையும்னு ஒரு நெனப்பு. சென்னையில எந்த ஏரியாவுல வீடு பாத்தாலும் தெரு முக்குல ரெண்டு ஸ்கூல் இருக்குமே, அந்தப் பழக்கம். ஆனா எங்க பட்ஜெட்டுக்கு ஒத்து வர்ற இந்தியன் சிலபஸ் ஸ்கூல் பெரும்பாலும் அல் குசைஸ், முஹைஸ்னா பக்கம், ஊரோட அந்தக் கோடி. அங்கேந்து டிஸ்கவரி கார்டன்ஸுக்கு ஸ்கூல் பஸ் வராது. எங்க பக்கம் இருந்த இந்தியன் ஸ்கூல்ல எட்டாவதுக்கு வெயிட்டிங் லிஸ்ட், ஒண்ணாவதுக்கு அதவிட நீளமான வெயிட்டிங் லிஸ்ட். கடைசியில மூணே மாசத்துல அந்த வீட்ட காலி பண்ணோம், கான்ட்ராக்ட் நடுவுல உடைச்சதுக்கு ரெண்டு மாச வாடகை அபராதம், 9,600 சில்லறை. ஸ்கூல் சீட்டு கைக்கு வர்ற வரைக்கும் செக் எழுதாதீங்கன்னு யாராச்சும் சொல்லியிருந்தா அந்தக் காசுல பெரியவளோட ஒரு வருஷ ஃபீஸ் முக்காவாசி முடிஞ்சிருக்கும்.

துபாய்ல பிரைவேட் ஸ்கூல் எல்லாமே கேஹெச்டிஏங்கிற அரசு அமைப்போட கண்காணிப்புல ஓடுது. இந்தியன் சிலபஸ் ஸ்கூல் ஏப்ரல்ல தொடங்கும், பிரிட்டிஷ், அமெரிக்கன், ஐபிங்கிற இன்டர்நேஷனல் சிலபஸ் ஸ்கூல் எல்லாம் ஆகஸ்ட் கடைசியில. ஒவ்வொரு ஸ்கூலோட அனுமதிக்கப்பட்ட ஃபீஸும் பொதுவுல இருக்கு, ஃபீஸ் ஃபேக்ட் ஷீட்டுன்னு ஒரு தாள், அதுல எது கட்டாயம், எது விருப்பம்னு பிரிச்சே போட்டிருப்பாங்க. டொனேஷன், பில்டிங் ஃபண்டுங்கிற பேச்சு கெடையாது, இது ஒரு நிம்மதி. அப்ளிகேஷனுக்கு எங்ககிட்ட வாங்குனது 525, சீட்டு புடிக்க டியூஷன் ஃபீஸ்ல 10 பர்சன்ட், அது முதல் டேர்ம்ல கழிஞ்சிடும். ஆனா வரமாட்டேன்னு சொன்னா அந்தக் காசு போச்சு.

எங்க கையில கடைசியா நின்னது மூணு ஸ்கூல். பேரு வேணாம், வீட்டுல நாங்க வச்ச பேரையே சொல்றேன். ஒண்ணு பூல் ஸ்கூல், பிரிட்டிஷ் சிலபஸ், ஸ்விம்மிங் பூல் இருந்துச்சு. ரெண்டாவது குசைஸ் ஸ்கூல், சிபிஎஸ்இ, முப்பது வருஷத்துக்கு மேல பழைய பில்டிங், நோட்டீஸ் போர்டுல ஸ்டேப்ளர் பின் துரு புடிச்சு நிக்கும். மூணாவது ஷார்ஜா ஸ்கூல், அதுவும் சிபிஎஸ்இ, மூணுலயும் சீப்.

பூல் ஸ்கூலுக்கு நான் ரமலான் மாசத்துல ஒரு நாள் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டுப் போனேன், ரமலான்ல ஸ்கூல் நேரம் கொறச்சல், ஒரு மணிக்கெல்லாம் கேட்டச் சாத்திடுவாங்க, ஓட்டமா ஓடி பன்னெண்டரைக்கு உள்ள நொழஞ்சேன். ரிசப்ஷன்ல ஏசி குளுகுளுன்னு, சுவரு பூரா புள்ளைங்க வரைஞ்ச ஒட்டகம், அட்மிஷன் அம்மா ஒரு அயர்லாந்துக்காரங்க, என் பேர மூணு தடவ கேட்டு சரியா சொல்லப் பழகிட்டுதான் பேச ஆரம்பிச்சாங்க. நான் அங்கயே பாதி விழுந்துட்டேன். உங்க பையனுக்கு இயர் டூ தரலாம்னாங்க, ஒண்ணாவது முடிச்சவனுக்கு ரெண்டாவது, சரியாத்தானே இருக்குன்னு நானும் மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன். குசைஸ் ஸ்கூல்ல மட்டும், பொறந்தது நவம்பர் 2016, மார்ச் 31 அன்னிக்கு ஆறு வயசுதான் முடிஞ்சிருக்கு, அதனால கிரேடு ஒன்னுலதான் போட முடியும்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் வீணா, புள்ள திரும்ப ஒண்ணாவது படிக்கணுமான்னு வீட்டுக்காரி போன்ல ஒரே சண்டை. பூல் ஸ்கூலே சேத்துருங்கன்னு அவளே சொல்ற நெலம வந்துடுச்சு.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. பிரிட்டிஷ் இயர் டூ நம்ம கணக்குக்கு ரெண்டாவது இல்ல. அவங்க இயர் ஒன்னுங்கறது நம்ம யூகேஜி, இயர் டூதான் நம்ம ஒண்ணாவது. எப்பவும் ஒண்ணக் கழிச்சுக்கணும். ஆக ரெண்டு ஸ்கூலும் சொன்னது ஒரே பதில், ஒருத்தர் சொன்ன நம்பர் பெருசா இருந்துச்சு, அவ்ளோதான். தமிழ்நாட்டுல அஞ்சு வயசுல ஒண்ணாவது சேத்துடுறோம், அங்க ஆறு முடியணும், நவம்பர் டிசம்பர்ல பொறந்த நம்ம ஊரு புள்ளைங்க நெறைய பேருக்கு இது நடக்குது. எத்தன பேரு இயர் நம்பரப் பாத்து டபுள் ப்ரமோஷன்னு ஊருக்குப் போன் போட்டிருப்பாங்களோ தெரியல.

அந்த டெலிவரி ஆர்டர் தாளு

எங்க ஆபீஸ்ல கீழக்கரைக்காரர் ஒருத்தர், துபாய்ல 22 வருஷம், எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். மூணு புள்ளைங்களையும் அங்கயே படிக்க வச்சு ரெண்டு பேர காலேஜுக்கு அனுப்பிட்டாரு. நோன்பு முடிஞ்சு முதல் வாரம், கேன்டீன்ல உக்காந்து என் எக்ஸெல் ஷீட்ட காட்டுனேன், ஃபீஸு, தூரம், ரேட்டிங், பூல் உண்டு இல்லன்னு கலர் கலரா. அவரு அத ரெண்டு செகண்டு கூடப் பாக்கல. "தம்பி, ஸ்கூல அப்புறம் பாப்போம். எப்ப ஊருக்குத் திரும்பறீங்க?"ன்னு கேட்டாரு. தெரியல பாய், ஒரு நாலஞ்சு வருஷம்னு இழுத்தேன். "நம்ம முடிவு பண்ணி வந்தாப்புல, நம்ம முடிவு பண்ணியா போகப் போறோம்? கம்பெனி ஒரு மெயில் அனுப்புனா முப்பது நாளு. அதுக்குத் தக்கன யோசிங்க"ன்னுட்டு, பக்கத்துல கெடந்த ஒரு பழைய டெலிவரி ஆர்டர் தாளத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பிச்சாரு. வருஷமும் பெரியவளோட வகுப்பும், 2023க்கு நேரா 8, 2024க்கு 9, 2025க்கு 10, 2026க்கு 11, 2027க்கு 12. பொறவு 8, 9, 11 மூணுக்கும் வட்டம் போட்டாரு. வட்டம் போட்ட வருஷம் தொடங்கும்போது புள்ளைய எங்க வேணா தூக்கிட்டுப் போலாம், வட்டம் இல்லாத வருஷத்துல மட்டும் அசைக்கப்படாது. இவ்ளோதான் அவரு சொன்னது, டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்தத் தாளு இன்னும் எங்க ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு, பின்பக்கம் நாப்பது பேலட் டைல்ஸோட டெலிவரி விவரம்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு இதுதான். சிபிஎஸ்இயில ஒன்பதாவதுலயே போர்டுல பேரு ரெஜிஸ்டர் ஆயிடும், அந்தப் பேருதான் பத்தாவது பரீட்சைக்குப் போகும். வேற போர்டுல ஒன்பதாவது படிச்சுட்டு சாதாரணமா நேரா சிபிஎஸ்இ பத்தாவதுல உக்கார முடியாது, சிபிஎஸ்இயில இருந்து சிபிஎஸ்இக்கு மாறணும்னா கூட அப்பாம்மா டிரான்ஸ்ஃபர்னு காரணம் காட்டி போர்டு பர்மிஷன் வாங்கணும். பதினொண்ணு பன்னெண்டும் அதே கதைதான். பிரிட்டிஷ்ல இயர் டென், இயர் லெவன் ரெண்டும் சேந்து ஒரே கோர்ஸ், அதாவது நம்ம ஒன்பதும் பத்தும், நடுவுல எறங்குனா ரெண்டு வருஷ உழைப்பு அந்தரத்துல நிக்கும்.

இத நான் தியரியா சொல்லல. அதே 2023 நவம்பர்ல எங்க பில்டிங்ல ஒரு கோயம்புத்தூர் குடும்பம், அவருக்கு வேலை போச்சு, பொண்ணு பிரிட்டிஷ் ஸ்கூல்ல இயர் டென் ஆரம்பிச்சு மூணு மாசம். ஊருக்குப் போனா சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஏப்ரல்ல திரும்ப ஒன்பதாவது சேருங்கன்னாங்க, அந்தப் புள்ள ஒத்துக்கல. கேம்ப்ரிட்ஜ் சிலபஸ் இருக்கிற ஸ்கூல் தேடி சென்னைக்கே குடி வந்தாங்க, வேலையில்லாத நேரத்துல வருஷத்துக்குப் பல லட்சம் ஃபீஸு. ஸ்கூல் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, நல்லா சொல்லிக் குடுக்குற ஸ்கூல்தான், பொண்ணு அவ்ளோ அழகா பேசும். நேரம்தான் காலை வாரிடுச்சு.

எங்க கேஸுக்கு வர்றேன். பெரியவ எட்டாவதுல உள்ள நொழையுறா, அது வட்டத்துக்குள்ள. ஒரு வருஷம் தடுமாறுனா கூட ஒன்பதாவது ரெஜிஸ்ட்ரேஷனுக்குள்ள நிமிந்துக்கலாம். அவளுக்கு சிபிஎஸ்இன்னு அன்னிக்கு ராத்திரியே முடிவாயிடுச்சு. சின்னவனுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு, அவன வேணா பூல் ஸ்கூல்ல போடலாம்னு நான் ஒரு இழு இழுத்தேன். வீட்டுக்காரி ஒரு பேப்பர்ல கூட்டிக் காட்டுனா. பூல் ஸ்கூல் இயர் டூ 38,000, அலவன்ஸ் போக கைக்காசு 18,000, பஸ், யூனிஃபார்ம் தனி. அதாவது அலவன்ஸ் நிக்கிற அன்னிக்கு 38,000மும் நம்ம தலையில. குசைஸ் ஸ்கூல் கிரேடு ஒன்னு 9,200, கிரேடு எட்டு 11,400, ரெண்டு பேருக்கும் சேத்து 20,600, கம்பெனி ஒத்தப் பைசா தரலன்னாலும் சம்பளத்துல கட்டலாம். ரெண்டு புள்ளைங்க ரெண்டு ஸ்கூல்னா ரெண்டு காலண்டர் வேற, ஒருத்தனுக்குப் புது வருஷம் ஆகஸ்ட்ல, இன்னொருத்திக்கு ஏப்ரல்ல, முழுப் பரீட்சை லீவு ஒத்தே வராது, ஊருக்கு டிக்கெட் போடுறது எப்புடி? நான் வாய மூடிட்டேன்.

ஷார்ஜா ஸ்கூலையும் சும்மா தள்ளல. ஃபீஸும் கம்மி, அங்க வாடகையும் கம்மி, நம்ம ஆளுங்க நெறைய பேரு அங்க குடியிருந்துக்கிட்டு துபாய்க்கு வேலைக்கு வர்றாங்க. ஆனா ஷார்ஜாவுல 2022 ஜனவரியில இருந்து வாரத்துக்கு நாலு நாள்தான் ஸ்கூலு, வெள்ளி சனி ஞாயிறு லீவு. எனக்கு துபாய் ஆபீஸ், வெள்ளிக்கெழம வேலை உண்டு. அதவிட முக்கியம், காலையில ஷார்ஜாவுல இருந்து ஜெபல் அலி போற ரோட்டுல ஒரு தடவ போய்ப் பாத்தேன், அஞ்சே முக்காலுக்குக் கெளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேந்தேன். பதினஞ்சு நிமிஷம் அந்த ஐடியா பத்திப் பேசுனோம், அதோட சரி.

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ல எங்க பாக்கணும்

எல்லாரும் கேஹெச்டிஏ இன்ஸ்பெக்ஷன் பண்ணிக் குடுக்குற ரேட்டிங் பாப்பாங்க. அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், அக்செப்டபிள், வீக், வெரி வீக்னு ஆறு படி. எங்க குசைஸ் ஸ்கூல் குட், பூல் ஸ்கூலும் குட். ஒரே ரேட்டிங், ஃபீஸு நாலு மடங்கு. சரி ரிப்போர்ட்டையே படிப்போம்னு நைட்டு உக்காந்து ரெண்டையும் படிச்சேன், நாப்பது ஐம்பது பக்கமெல்லாம் இல்ல, ஒரு மணி நேரத்துல முடியும். முதல் பக்கங்கள்லயே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், மொத்தம் எத்தன புள்ளைங்க, எந்த நாட்டுப் புள்ளைங்க அதிகம், ஒரு டீச்சருக்கு எத்தன புள்ளைங்க, எத்தன கவுன்சிலர், அப்புறம் டீச்சர் டர்ன்ஓவர் எத்தன பர்சன்ட். நான் பாத்ததுலயே ரொம்ப உபயோகமான நம்பர் அந்தக் கடைசி ஒண்ணுதான். பூல் ஸ்கூல்ல 31, குசைஸ் ஸ்கூல்ல 12. அதாவது பூல் ஸ்கூல்ல வருஷா வருஷம் மூணுல ஒரு டீச்சர் மாறுறாங்க. அந்த அயர்லாந்து அம்மா என் பேர அவ்ளோ மெனக்கெட்டுப் பழகுனாங்களே, அடுத்த வருஷம் அவங்க இருப்பாங்களான்னு யாருக்குத் தெரியும்னு தோணுச்சு. அநியாயமான யோசனைதான், ஆனா தோணுச்சு. குசைஸ் ஸ்கூல்ல டீச்சர்-புள்ளைங்க விகிதம் மோசம், கிளாஸ்ல முப்பது பேரு, லேப்ல நெருக்கம், இதெல்லாம் ரிப்போர்ட்லயே ஒளிக்காம எழுதியிருந்தாங்க. இன்னொரு விஷயம், 2024-25ல பெரும்பாலான ஸ்கூலுக்கு ஃபுல் இன்ஸ்பெக்ஷன நிறுத்தி வச்சுட்டாங்க, அதனால இப்ப யாராச்சும் ரேட்டிங் பாத்தா அது எந்த வருஷத்து ரேட்டிங்னும் சேத்துப் பாத்துக்கோங்க.

சீட்டு கெடச்சதுல ஒரு சூட்சுமம் இருந்துச்சு, அது எங்க மூளையில்ல, பாயோட மூளை. ஒண்ணாவதுக்கு எப்பவுமே அடிதடி, எட்டாவதுல எப்பவும் ரெண்டு மூணு சீட்டு காலியாகும், ஏன்னா ஒன்பதாவதுக்கு முன்னாடி ஊருக்குத் திரும்புற குடும்பங்க உண்டு. முதல்ல பெரியவள உள்ள போடுங்க, அப்புறம் தம்பின்னு எழுதிக் குடுங்கன்னாரு. கூடப் பொறந்தவங்களுக்கு முன்னுரிமை. பெரியவளுக்கு மே மொத வாரம் சீட்டு, சின்னவனுக்கு மே மூணாவது வாரம்.

டிசியும் இனிஷியலும்

ஸ்டேட் போர்டுல ஏழாவது முழுப் பரீட்சை முடிய ஏப்ரல் கடைசி ஆயிடுச்சு, அங்க குசைஸ் ஸ்கூல்ல எட்டாவது ஏப்ரல் தொடக்கத்துலயே ஆரம்பிச்சாச்சு. டிசி வாங்கி, அதுல கல்வித் துறை ஆபீஸ்ல கவுன்டர் சைன் வாங்கி, அப்புறம் வெளியுறவுத் துறை முத்திரை, அப்புறம் யுஏஇ தூதரக முத்திரை, கடைசியா துபாய் வந்து அங்க ஒரு முத்திரை. ஏஜென்ட் வச்சு செஞ்சும் மூணு வாரம் மேல இழுத்துச்சு. ஸ்கூல்ல ஒரு உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிட்டு தற்காலிகமா உக்கார விட்டாங்க.

அதுலயும் ஒரு சிக்கல், தமிழனுக்கு மட்டுமே வர்ற சிக்கல். டிசியில பெரியவ பேருக்கு முன்னாடி ஒரு இனிஷியல், அவ்ளோதான். பாஸ்போர்ட்ல அந்த இனிஷியல் விரிஞ்சு என் முழுப் பேரா சர்நேம் கட்டத்துல உக்காந்திருக்கு. என் பாஸ்போர்ட்ல என் அப்பா பேரு சர்நேம். பர்த் சர்டிஃபிகேட்ல இனிஷியலே இல்ல, வெறும் பேரு. அட்மிஷன் கவுன்ட்டர்ல இருந்த சேட்டன் மூணு தாளையும் வரிசையா மேசையில பரப்பி வச்சுட்டு, ஒரு விரல டிசி மேலயும் இன்னொரு விரல பாஸ்போர்ட் மேலயும் வச்சுக்கிட்டு என்னப் பாத்தாரு. "இது ஆரு? இது ஆரு?" ரெண்டும் என் பொண்ணுதான் சாரேன்னேன். அவரு சிரிச்சுட்டு, தமிழ்நாட்டுக் கேஸ் வாரத்துக்கு ரெண்டு வருதுன்னு டிராயர்ல இருந்து ஒரு அஃபிடவிட் மாதிரியவே எடுத்துக் குடுத்தாரு. ஊர விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடியே ஹெச்எம்கிட்டச் சொல்லி, டிசியில பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேர விரிச்சு எழுதி வாங்குனா இந்த அலைச்சல் மிச்சம். சில ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க, ரெக்கார்டுல இருக்கிறபடிதான்னு சொல்லுவாங்க, கேட்டுப் பாக்குறதுல தப்பில்ல.

மொழி

எங்களுக்கு ரொம்ப பயமா இருந்தது இதுதான், ஸ்கூல்காரங்க ரொம்ப லேசா எடுத்துக்கிட்டதும் இதுதான். தமிழ் இருக்கான்னு எங்க லிஸ்ட்ல இருந்த ஸ்கூல் எல்லாத்துக்கும் போன் பண்ணோம், மலையாளம் இருந்துச்சு, தமிழ் இல்ல. பெரியவளுக்கு செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தி இல்லன்னா ஃப்ரெஞ்ச். ஹிந்தியில கூட இருக்கிறவங்க ஏழெட்டு வருஷம் படிச்சவங்க, ஃப்ரெஞ்ச் அவங்களுக்கே ஆறாவதுலதான் ஆரம்பம், ரெண்டு வருஷ இடைவெளிதான். ஃப்ரெஞ்ச் எடுத்தா. அதுக்கு மேல அரபி, அரபி தாய்மொழி இல்லாத புள்ளைங்களுக்கும் ஒன்பதாவது வரைக்கும் கட்டாயம். மே பாதியில சேந்தா, ஜூலையில கோடை லீவு. அந்த ரெண்டு மாசம் எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, நாங்க மட்டும் புது வீட்டுல, அல் நஹ்தாவுல, வெளிய 45 டிகிரி, உள்ள பெரியவ ஒரு டீச்சரம்மாகிட்ட ஆன்லைன்ல ஃப்ரெஞ்ச் வினைச்சொல்லு மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு, சின்னவன் அக்கா சொல்றத அப்படியே கேட்டு கத்திக்கிட்டு. அரபியில முதல் டெஸ்ட்ல 40க்கு 6. இடமிருந்து வலமா எழுதி வச்சிருந்தா. புதுசா சேந்தவங்களுக்குன்னு ஒரு தனி குரூப் இருந்துச்சு, எத்தன வருஷமா அரபி படிக்கிறாங்கன்னு பாத்துதான் எதிர்பார்ப்பாங்கன்னு டீச்சர் சொன்ன பெறகுதான் மூச்சு வந்துச்சு.

வேடிக்க என்னன்னா ஹிந்திக்குப் பயந்து போனோம், வந்தது மலையாளம். கிளாஸ்ல முக்காவாசி கேரளப் புள்ளைங்க, இன்டர்வெல்ல, பஸ்ல, எல்லாம் மலையாளந்தான். ஆறு மாசத்துல பெரியவ போன்ல பேசுறது எங்களுக்கே புரியல.

சின்னவனுக்குத் தமிழ் எழுத்து மறக்க ஆரம்பிச்சுடுச்சு, அது 2024 தொடக்கத்துல கண்ணுல பட்டுச்சு, தாத்தா அனுப்புன பொங்கல் வாழ்த்த எழுத்துக் கூட்டிக் கூட படிக்கல. வெள்ளிக்கெழம ஸ்கூல் மதியத்துக்கு முன்னாடியே விட்டுடும், அந்த மத்தியானத்த தமிழுக்குன்னு ஒதுக்குனோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட பாடங்க இருக்கு, வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்களுக்குன்னே படிப்படியா, அத வச்சு அவங்க அம்மா சொல்லிக் குடுக்குறா. வாரத்துக்கு ஒரு தடவ சண்டை, ஆனா நடக்குது. திரும்பிப் போயி தமிழ்நாட்டுல சேக்குறதா இருந்தா தமிழ் கட்டாயப் பாடம், 2006 சட்டம், அது வேற மனசுல ஓடிக்கிட்டே இருக்கும்.

ரெண்டரை வருஷம் கழிச்சு

என் கேஸ்ல தோத்தது நான்தான், அதாவது என் நேரம். காலையில ஆறு மணிக்குக் கெளம்பி அல் நஹ்தா ஸ்டேஷன்ல க்ரீன் லைன், யூனியன்ல மாறி ரெட் லைன், அப்புறம் ஃபீடர் பஸ், ஒரு வழிக்கு ஒண்ணே முக்கா மணி நேரம். புள்ளைங்களுக்கு ஸ்கூல் பஸ் பன்னெண்டு நிமிஷம். யாரு அலையணுங்கறதும் ஸ்கூல் முடிவுல ஒரு பகுதிதான், ஆறு வயசுப் புள்ள ரெண்டு மணி நேரம் பஸ்ல தூங்கி வழியிறதுக்கு நான் வழியலாம்னு முடிவு பண்ணோம். மெட்ரோவுல ஒரு சீரியல் முழுசா பாத்து முடிச்சாச்சு.

பெரியவ எட்டாவது முதல் டேர்ம் 61 பர்சன்ட், மேடவாக்கத்துல எப்பவும் 90க்கு மேல எடுத்தவ, ஒரு வாரம் பேசல. கணக்கு கஷ்டப்படல, சமச்சீர்ல படிச்ச அஸ்திவாரம் நல்லாவே தாங்குச்சு, அத இங்க அழுத்திச் சொல்றேன், ஏன்னா ஸ்டேட் போர்டுன்னாலே முகஞ்சுளிக்கிறவங்க அங்க நெறைய. விழுந்தது சோஷியல்லயும் இங்கிலீஷ்லயும், ஒரு பக்கப் பத்தியப் படிச்சுட்டு சொந்த வார்த்தையில எழுதச் சொல்ற கேள்விங்கள்ல. வருஷக் கடைசியில 78. ஒன்பதாவது 2024 ஏப்ரல்ல, புது வகுப்பு ஆரம்பிச்ச சூட்டோட அந்தப் பேய் மழை, ஏப்ரல் 16, 1949ல பதிவு தொடங்குனதுல இருந்து அந்த நாடு பாக்காத மழை, எங்க தெருவுல காரெல்லாம் மெதந்துச்சு, ஸ்கூல் ஆன்லைனுக்குப் போயிடுச்சு. மேடவாக்கத்துல தண்ணிக்குள்ளயே வளந்த புள்ளைங்க ரெண்டும் பால்கனியில நின்னு ஆளுக்கு ஒரு கமென்ட்டு. அந்த வருஷந்தான் சிபிஎஸ்இ ரெஜிஸ்ட்ரேஷன், இந்தத் தடவ பேரு பாஸ்போர்ட்ல இருக்கிறபடியே எழுதுனோம், நாலு தடவ சரி பாத்தோம்.

காலேஜ் கணக்கும் போட்டு வச்சிருந்தோம். என்ஐடி மாதிரி எடத்துல வளைகுடாவுல வேலை பாக்குறவங்க புள்ளைங்களுக்கு, டாசாங்கிற வெளிநாட்டு மாணவர் அட்மிஷன்ல சிஐடபிள்யூஜின்னு ஒரு பிரிவு இருக்கு, ஜேஇஇ மெயின் ரேங்க் வச்சு. மெடிக்கல்னா ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் முழுசா தமிழ்நாட்டுல படிக்காத புள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் வேணும், அதையும் ஊர்ல அப்பா வாங்கி வச்சுட்டாரு. இவ்வளவையும் கேட்டுட்டு பெரியவ போன மாசம் சாப்புடும்போது சொல்றா, "அப்பா, நான் விஸ்காம் படிக்கப் போறேன்"னு. வீட்டுக்காரி சட்னியக் கரண்டியோட புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னா. டாசாவாவது நேட்டிவிட்டியாவது.

ஃபீஸு வருஷா வருஷம் ஏறுது, ஆனா ஸ்கூல் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, 2025-26க்கு அதிகபட்சம் 2.35 பர்சன்ட்னு கேஹெச்டிஏ சொன்னாங்க, எங்க ஸ்கூல் அதையே போட்டாங்க. 2025 ஜனவரியில கம்பெனி அலவன்ஸ ஒரு புள்ளைக்கு 12,000மா கொறச்சுது. பூல் ஸ்கூல்ல ரெண்டு புள்ளைங்கள வச்சிருந்த எங்க டீம்காரர் ஒருத்தர் அன்னிக்கு மத்தியானம் சாப்புடவே இல்ல. எங்களுக்கு இன்னும் ஃபீஸ் அந்த 12,000த்த பெருசா தாண்டல, பெரியவளுக்கு மட்டும் கொஞ்சம் கைக்காசு.

பூல் இல்லாத வருத்தம் சின்னவனுக்கு இருக்கு, அத மறைக்க விரும்பல. குசைஸ் ஸ்கூல்ல கிரவுண்டே சின்னது, வெயில் மாசத்துல பிடி பீரியடுன்னா கிளாஸ்லயே செஸ் போர்டு. அவன் ரொம்ப ஓடுற புள்ள. அந்த அயர்லாந்து அம்மா ஸ்கூல்ல அவன் வேற மாதிரி வளந்திருப்பானோன்னு மெட்ரோவுல உக்காந்து சில நாள் யோசிச்சிருக்கேன்.

இப்ப செப்டம்பர்ல கம்பெனியில இருந்து அந்த மெயில் வந்துடுச்சு, வேலை போகல, ரியாத்ல புது குடோன் தொறக்குறாங்க, நவம்பர்ல அங்க மாறணும்னு. பெரியவ பத்தாவது நடுவுல. ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த தாளப் பாத்தேன், 2025க்கு நேரா வட்டம் இல்ல, 2026க்கு நேரா இருந்துச்சு. மார்ச்ல பரீட்சை முடியட்டும், ஏப்ரல்ல வர்றேன், அது வரைக்கும் நான் மட்டும் போய்ப் போய் வர்றேன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், பாயும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாருன்னு நெனக்கிறேன், ஒத்துக்கிட்டாங்க. ஸ்கூல் லிஸ்ட் போட ஆரம்பிச்சாச்சு, வீடு இன்னும் பாக்கல. சின்னவன் நேத்து ராத்திரி லேப்டாப் பக்கத்துல வந்து நின்னு அந்த லிஸ்ட்ட மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு, "ரியாத்லயாச்சும் பூல் இருக்கா?"ன்னு கேட்டான். லிஸ்ட்ல பூலுக்குன்னு ஒரு கட்டம் சேத்திருக்கேன்.